குவென்சல் ஆடிய பருவம்

ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில் ஹோல்ட்ரோடே கால்பந்து மைதானத்தில் கூடியிருந்த ஒன்பதாயிரம் பேர் ஆர்ன்ட் லிப்ஹோல்டை ஒரே மூச்சில் வேறொரு ஆளாக மாற்றிவிட்டார்கள். காலையில் பெய்த மழை மதியம் விட்டிருந்தது. சாசேஜின் விலை போன பருவத்தைவிட ஐம்பது சென்ட் ஏறியிருந்தது. மற்றபடி பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அன்றும் இருந்தது.

எங்கள் ஊரில் ஆட்டக்காரனுடைய பெயரின் முன்பாதி அறிவிப்பாளருக்குச் சொந்தம், பின்பாதி பார்வையாளர் படிகளில் நிற்பவர்களுக்குச் சொந்தம். ஆட்டம் தொடங்குமுன் அறிவிப்பாளர் சட்டை எண்ணையும் முதல் பெயரையும் ஒலிபெருக்கியில் இழுத்துச் சொல்லி நிறுத்துவார். குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தி முடிக்கும். கோல் விழுந்தாலும் அதே முறைதான், மூன்று தடவை. கடைசியில் அவர் நன்றி என்பார், நாங்கள் இருக்கட்டும் என்போம். எங்கள் அறிவிப்பாளர் ஹெர்வார்ட் ட்ரெஸ்லர் வார நாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பிரேக் மிதிக்கப் பழகியவர்கள், அதனால் அவர் நிறுத்துகிற இடத்தில் எடுத்துக்கொள்வது எங்களுக்கு இயல்பாக வரும். அன்று அவர் "பத்தொன்பது, ஆர்ன்ட்" என்று நிறுத்தினார். நாங்கள் "குவென்சல்" என்றோம். ஒரு தொண்டைகூடப் பிசகவில்லை.

ஆர்ன்ட் லிப்ஹோல்ட் பூட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பிறந்தவன். வலதுகால் தடுப்பாட்டக்காரன். ஆபத்து என்று பட்டால் பந்தை வேலிக்கு வெளியே ஆற்றுக்கு அனுப்பிவிடுவான், அதற்காகவே அவனை எங்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் டிவிஷனில் அவன் ஒரு கோலும் போட்டதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அன்று பெயர் விழுந்த கணத்தில் அவன் குனிந்து தன் கால்களை, யாரோ இரவல் கொடுத்தவற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தான் என்று முன்படியில் நின்றவர்கள் சொன்னார்கள். பிறகு தன் இடத்தை விட்டு முன்னே ஓடி, இடது காலால் இரண்டு கோல் அடித்தான். இரண்டாவதை நடுவட்டத்திலிருந்து அடித்தான். ட்ரெஸ்லர் ஆர்ன்ட் என்றார், நாங்கள் குவென்சல் என்றோம், அவர் நன்றி சொன்னார், நாங்கள் இருக்கட்டும் என்றோம். அதன் பிறகுதான் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம்.

சாயங்காலம் மைதானத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில் இதே வழக்கு. வடக்குப் படிகளின் வேலிமேல் ஏறி நின்று எங்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் ரோமி ஷ்லுட்டர். கூரை வேயும் வேலை செய்கிறவள், உயரத்திலிருந்து பேசிப் பழகிய குரல். பழி முதலில் அவள்மேல் விழுந்தது.

"நீதான ரோமி ஆரம்பிச்ச?"

"யோவ், நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுதான நிக்கிறேன். ஒம்பதாயிரம் வாயும் ஒரே மாதிரி தொறக்குது, நான் மட்டும் வேற கத்தவா?"

"அந்தப் பேர்ல நமக்கு யாரத் தெரியும்?"

"என் மச்சானோட பழைய முதலாளி."

"அவன் பேரு ஹூபர்ட்டுய்யா."

"அதான். அவனையும் இங்க யாருக்கும் தெரியாது."

சிரித்தோம், ஆனால் சிரிப்பு மேசையைத் தாண்டிப் போகவில்லை. தொலைபேசிப் புத்தகத்தில் குவென்சல் இல்லை. தேவாலயத்துப் பதிவுகளிலும் இல்லை, போரில் செத்தவர்களின் கல்லிலும் இல்லை. அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு முன் ரோமி எங்களை மதுக்கடையில் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தாள். ஆர்ன்ட் என்றாள், லிப்ஹோல்ட் என்றோம், சுத்தமாக வந்தது. சாலையைக் கடந்து மைதானத்துக்குள் போனோம். ட்ரெஸ்லர் ஆர்ன்ட் என்றதும் குவென்சல் என்றோம். பிறகொரு நாள் ட்ரெஸ்லரே முழுப் பெயரையும் சேர்த்துப் படிக்கத் தீர்மானித்து வந்தார். முதல் பாதி வந்தது, இரண்டாம் பாதிக்கு நாக்கு எழவில்லை. முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்கு இரண்டாம் கியர் விழவில்லை என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார்.

வெளியூரில் நிலைமை வேறு. அங்கே எதிரணியின் அறிவிப்பாளர் எங்கள் ஆட்களின் பெயர்களை மளிகைச் சீட்டைப் படிப்பதுபோல் முழுதாகப் படித்துத் தள்ளிவிடுவார், யாரும் எதையும் கத்த மாட்டார்கள். அங்கே அவன் லிப்ஹோல்டாகவே இருந்தான், பந்தைக் கிடைத்த திசையில் வெளியே அனுப்பினான். உள்ளூரில் குவென்சல் கோல் போட்டுக்கொண்டே இருந்தான், லிப்ஹோல்ட் விட்டுப்போன காலி இடத்தில் வந்தவர்களும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலுக்கு மூன்று, மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு நாலு என்று முடிவுகள் வந்தன. எங்கள் கழகம் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கும் கோட்டுக்குச் சற்று மேலே, ஏணியின் உடைந்த படியில் நிற்பவனைப்போல் நின்றது. பயிற்சியாளர் எர்டால் சோய்டான் பத்தொன்பதாம் எண்ணுக்கு இரண்டு ஜோடிக் காலணிகள் வைத்திருந்தார். குவென்சலுக்கு ஓர் அளவு பெரிதாக வேண்டியிருந்தது.

"உள்ளூர்ல எனக்கு ஸ்ட்ரைக்கர் இருக்கான், டிஃபெண்டர் இல்ல. வெளியூர்ல டிஃபெண்டர் இருக்கான், ஸ்ட்ரைக்கர் இல்ல. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொல்லுங்க, கோப்பையே வாங்கித் தர்றேன்" என்று அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் அதை அப்படியே போட்டார்கள், யாரும் விளக்கம் கேட்டு எழுதவில்லை.

ஆர்ன்டின் மனைவி மைக்கே சந்தைச் சதுக்கத்துக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அந்த முதல் ஞாயிறு அவள் மைதானத்துக்கு வந்திருக்கவில்லை. சட்டைப்பையில் சாவி இருந்தும் அவன் வாசல் மணியை அடித்தான்.

"மன்னிக்கணும். இந்த வீடுதான்னு பஸ் டிரைவர் சொன்னார். உள்ள வரலாங்களா?"

"ரொம்பப் பண்ணாத ஆர்ன்ட். சூப் ஆறுது."

"நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?"

"உன் பொண்டாட்டி."

"அப்படின்னா ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி, காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான். ஆர்ன்ட் தொடாத மத்தி மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், சோஃபாவில் படுத்துக்கொண்டான். திங்கட்கிழமை அவள் அவனைக் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தாள். ஆர்ன்டுக்கு இடது கண்ணில் கிட்டப்பார்வை உண்டு. இவன் அடிவரி எழுத்துகளைத் தயங்காமல் படித்தான், கீழே அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தான். செவ்வாய் மாலை மாடிப்படியின் நடுவில் நின்று, "என் போர்வைய ஏன் சோஃபால போட்டு வச்சிருக்க?" என்று எரிச்சலோடு கேட்டபோது அது ஆர்ன்ட். அவனுக்கு ஞாயிறு மதியத்திலிருந்து ஒன்றும் நினைவில்லை. வாயில் மீன் வாடை அடிப்பதாக மட்டும் சொன்னான்.

இலையுதிர் காலம் முழுக்க இப்படிப் போயிற்று. குளிர்கால இடைவேளையில் ஆட்டங்கள் இல்லை, கூப்பிட யாரும் இல்லை, எனவே ஆர்ன்ட் முழுதாக வீட்டில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு மரம் வாங்கி வந்து நிறுத்தினான், நேராக இருக்கிறதா என்று கேட்டான், பிறகு சமையலறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டான். அவன் எப்போதும் அதிகம் பேசாதவன். எட்டு வருட வாழ்க்கையில் அந்த மௌனத்துக்கு மைக்கே ஒரு மேசை நாற்காலிக்கு ஒதுக்குவதுபோல் இடம் ஒதுக்கிப் பழகியிருந்தாள். இந்த முறை அதன்மீது போய் இடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் அவனே கேட்டான்.

"அவன் எப்படி?"

"மரியாதையா இருக்கான்."

"வேற?"

"கேக்குறான். கடைக்கு யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்க, எனக்கு ஏன் கோவம் வந்துச்சு. எல்லாம் கேக்குறான்."

"நானும் கேக்குறனே."

"இப்பதான் கேக்குற."

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பனி விழுவதா மழையாகவே போவதா என்று தெரியாமல் ஏதோ விழுந்துகொண்டிருந்தது. "அவன் வர்றது உனக்குப் புடிச்சிருக்கா?" என்றான்.

"தெரியல ஆர்ன்ட்" என்றாள் அவள். அது உண்மை. ஆட்டங்கள் மறுபடி தொடங்கும் ஜனவரியை எதற்காக எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆட்டம் நடந்த மாதங்களில் ஞாயிறு வந்தால் ஒருவனுக்காகக் காத்திருந்தாள், செவ்வாய் வந்தால் இன்னொருவனுக்காகக் காத்திருந்தாள். வந்தவன் எவனாக இருந்தாலும் மற்றவனுக்குத் துரோகம் செய்ததாக அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதே தவிர, என்ன துரோகம் என்று யோசித்தால் அதற்கு ஓர் உருவம் கிடைக்கவில்லை.

வசந்தத்தில் குவென்சல் தங்கும் நாட்கள் நீண்டன. முதலில் புதன்வரை இருந்தான், பிறகு வெள்ளிவரை. ஏப்ரல் கடைசியில் வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்து ஏறியவனும் குவென்சலாகவே இருந்தான். அங்கே எதிரணி அறிவிப்பாளர் பெயரைப் படித்த பிறகுதான் லிப்ஹோல்ட் வந்தான், கண்ணைத் தேய்த்துக்கொண்டு எந்த ஊர் என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டான், ஊர் திரும்பியதும் மறுபடி குவென்சலாகிவிட்டான். கடைசிக்கு முந்தைய வாரம், வடக்கே ஒரு துறைமுக ஊரில் தோற்றுத் திரும்பும் வழியில், பேருந்து பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது அவன் மைக்கேக்குத் தொலைபேசியில் பேசினான்.

"நான்தான். ஆர்ன்ட்."

"எங்க இருக்க?"

"வழியில. நம்ம பள்ளத்தாக்குப் பாலத்தத் தாண்டுறதுக்குள்ள நான் போயிடுவேன், இப்பவே கால் பெருசாகுற மாதிரி இருக்கு. மைக்கே, அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க மறுபடி அவனக் கூப்புட்டா நான் திரும்பி வர மாட்டேன்னு நெனக்கிறேன்."

"நான் என்ன பண்ணட்டும்?"

பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. "கூப்பிடாம இருக்கச் சொல்லு" என்றான். பிறகு, "உனக்கு வேணும்னா சொல்லு" என்றான். அதற்குப் பதில் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் பேருந்துக்காரர் ஹார்ன் அடித்துவிட்டார்.

எங்கள் கழகம் அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தம். எதுவானாலும் கையைத் தூக்கித் தீர்மானிப்பதுதான் வழக்கம். சாசேஜுக்குக் கடுகு சாஸ் இலவசமா என்பதையே நாங்கள் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தோம். மைக்கேயும் உறுப்பினர். அவள் கேட்டதன்பேரில் புதன்கிழமை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. ஞாயிறு ஜெயித்தால் இரண்டாம் டிவிஷனில் தங்கலாம், ஜெயிக்காவிட்டால் மூன்றாம் டிவிஷன். எல்லோருக்கும் அது தெரிந்திருந்ததால் தலைவர் அதைச் சொல்லவில்லை. மைக்கே எழுந்து, தன் கணவனை அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள் என்றாள். மாற்றிக் கூப்பிட நம் வாயால் முடியவில்லை, எனவே ஞாயிறு அவன் முறை வரும்போது எல்லோரும் பேசாமல் இருங்கள், ட்ரெஸ்லர் மாஸ்டர் தனியாக லிப்ஹோல்ட் என்று சொல்லிப் பார்க்கட்டும், எதிர்ச்சத்தம் இல்லாவிட்டால் அந்தப் பெயர் வரலாம் என்றாள்.

"அவன ஆட விடாம உக்கார வச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"இப்ப வீட்ல இருக்கறது குவென்சல். உக்கார வச்சாலும் குவென்சல்தான் உக்காந்திருப்பான்" என்றார் எர்டால்.

பின்வரிசையில் இருந்து பெயின்ட் கடைக்காரர் ஒருவர், "என் வீட்டம்மா வாரத்துல அஞ்சு நாள் வேற ஆளா இருந்தா நான் ஆயுள் சந்தா கட்டிருவேன்" என்றார். சிரிப்பு எழுந்தது. மைக்கேயும் சிரித்தாள், பிறகு முகத்தைத் துடைத்தாள்.

ரோமி எழுந்தாள். "மைக்கே, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காத. அவன் போட்ட கோல்லதான் நாம இவ்ளோ நாள் தாங்குனோம். அவன் இல்லன்னா எறங்கிடுவோம்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"ஆமா ரோமி."

"சரி. அப்ப நான் வாய மூடிக்கிறேன்" என்று அவள் ஆதரவுக்கான பச்சை வாக்கு அட்டையைத் தூக்கினாள். அடுத்து எல்லா அட்டைகளும் மேலே போயின. எதிர்த்து ஒன்றும் இல்லை. தூக்கிய கைகளைப் பற்றிச் சந்தேகம் கிடையாது, நாங்கள் நல்ல மனிதர்கள்தான். வாய்களைப் பற்றித்தான் தெரியவில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் போனோம். அன்று முதல் ஊரில் பலருக்கு, இந்தப் பெயரை எங்கள் வாயில் போட்டது எங்கள் ஆசையேதானோ என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு வெயிலாக இருந்தது. ட்ரெஸ்லர் கோல்கீப்பரிலிருந்து ஒவ்வொருவராகப் படித்தார், நாங்கள் ஒவ்வொரு பெயரையும் முடித்துக் கொடுத்தோம். "பத்தொன்பது, ஆர்ன்ட்" என்றார். மைதானம் வாயை மூடிக்கொண்டது. பலர் கழுத்துத் துண்டைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டிருந்தார்கள். ரோமி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியபடி வேலிமேல் நின்றாள். ஒலிபெருக்கியில் ட்ரெஸ்லர் மூச்சு விடுவது கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பெயர் வரவேயில்லை. வரிசையில் நின்றிருந்தவன் எங்களை அண்ணாந்து பார்த்தான். முதலில் அவன் புருவத்தில் இருந்த பழைய தழும்பு மறைந்துபோனது, பிறகு திரும்ப வந்தது, பிறகு முகமே அடையாளம் சொல்ல முடியாததாகிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பத்தொன்பதாம் எண் சட்டை, கொடியில் காயப்போட்டதுபோல் உள்ளே ஆள் இல்லாமல் காற்றில் ஆடத் தொடங்கியது. எதிரணிக்காரர்கள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெயரை எடுத்துவிட்டால் அடியில் ஆர்ன்ட் லிப்ஹோல்ட் இருப்பான் என்று நினைத்துத்தான் நாங்கள் கை தூக்கியிருந்தோம். அடியில் ஒருவரும் இல்லாமல் போகலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

வடக்குப் படிகளில் ரோமியின் காலடியில் நின்றிருந்த மைக்கே வாயைத் திறந்தாள். எந்தப் பெயர் வரும் என்று அவளுக்கே தெரியாமல்தான் திறந்ததாகப் பின்னால் சொன்னாள். லிப்ஹோல்ட் வரும் என்று நாங்கள் வேண்டிக்கொண்டோம். குவென்சல் வந்துவிடுமோ என்று பயந்தோம், சிலரிடம் பயத்தோடு ஆசையும் இருந்தது. அவள் "டாமரோ" என்று கத்தினாள். அது கல்யாணத்துக்கு முன் அவள் வைத்திருந்த குடும்பப் பெயர். அவளுடைய அப்பா இறந்த பிறகு ஊரில் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது.

சட்டைக்குள் ஆள் வந்தான். லிப்ஹோல்டைவிடச் சற்று உயரம், குவென்சலைவிடச் சற்றுக் குட்டை. நடுவர் விசில் அடித்தார்.

டாமரோ நடுவில் ஆடினான். பெரிய ஆட்டம் என்று சொல்ல முடியாது. வலது காலையும் இடது காலையும் மாற்றி மாற்றிப் பரீட்சித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. பந்தை ஒரு தடவை ஆற்றுக்கு அனுப்பினான், ஒரு தடவை கோல் கம்பத்தில் அடித்தான். எதிரணி முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் மூலையிலிருந்து வந்த பந்து அவன் தலையில் பட்டு உள்ளே போனது, அப்போது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ட்ரெஸ்லர் ஆர்ன்ட் என்றார். கூட்டத்தில் போட்ட தீர்மானம் இதற்கும் பொருந்துமா என்று ஒரு கணம் குழம்பி, எல்லோரும் மைக்கேயைப் பார்த்தோம். அவள் தலையசைத்தாள். டாமரோ என்றோம். மூன்று தடவை சொன்னோம், சுலபமாக வந்தது. நன்றி, இருக்கட்டும். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது, கழகம் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. சிலர் அழுதார்கள். ரோமி வேலியிலிருந்து இறங்கிவந்து மைக்கேயிடம், "போய் அவனப் பாரு, நிக்காத" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவன் பையோடு நின்றிருந்தான்.

"உன்ன எனக்குக் கொஞ்சம் தெரியும்ல?" என்றான்.

"கொஞ்சம். வீட்டுக்கு வழி தெரியுமா?"

"பாதி வரைக்கும் தெரியுது. மீதிய நீ சொல்லு."

ஆர்ன்ட் எங்கே போனான், குவென்சல் எங்கே போனான் என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆர்ன்டின் அம்மா அன்று சாயங்காலமே வந்து, டாமரோவின் கன்னத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இளைத்துப் போய்விட்டாய் என்றாள். ஆர்ன்டிடமும் அதைத்தான் சொல்வாள். நகராட்சி அலுவலகத்தில் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த பருவத்துச் சந்தாவுக்கு, இறங்கிய பிறகும், முந்தைய வருடத்தைவிட அதிகம் பேர் பணம் கட்டினார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களாலும் சொல்ல முடிந்திருக்காது.

கழகம் இறங்கியதற்கு மறுநாள் காலை மைக்கே முனைத்தெரு ரொட்டிக் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண்மணி எங்கள் கழகத்தின் பழைய உறுப்பினர், தூங்காத கண்களோடு நின்றிருந்தார். அவர் காகிதப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அவருக்கு வழக்கமா குடுக்குற ரொட்டியாம்மா?"

"அவருக்கு எது புடிக்கும்னு அவருக்கே இன்னும் தெரியலீங்க. எல்லாத்துலயும் ஒண்ணு போடுங்க."

கடைக்காரப் பெண்மணி கசகசா தூவியது, எள் தூவியது, பூசணி விதை வைத்தது, கம்பு மாவில் செய்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டார்.